சான்றுவில்லை ஒட்டும் இடம்

வீரர் ஒப்பமிட்ட பந்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் பலர்; ஆகவே போலியும் பெருகிற்று. 1990-களில் அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி க்வின், தம் பெயரிட்ட போலிக் கையொப்பங்கள் தம் அணியின் கடையிலேயே விற்கப்படக் கண்டார். 2001-இல் மேஜர் லீக், எண் பொறித்த ஹோலோகிராம் ஒட்டுவில்லையைப் புகுத்தியது. உடனிருந்து கண்ட சாட்சி அங்கேயே ஒட்டி, எண்ணைப் பதிவுசெய்வார். உரித்தால் வில்லை சிதையும்.

எங்கே ஒட்டுவது? சான்றிதழ்த் தாளில் மட்டும் ஒட்டினால், தாள் மற்றொரு பந்தைச் சென்றடையும். பந்திலேயே ஒட்டவேண்டும் என்பது என் துணிபு. ஆயினும், தையல்கள் நெருங்கிவரும் இடம் கையொப்பத்திற்குரியது. மட்டை பட்ட வடுவும் மண்கறையும் ஆட்டத்தின் சான்றுகள். அவற்றை மறைக்காது வெறுந்தோலில் ஒட்டுதலே முறை. பந்து மாசுறுமென்று அஞ்சிக் கண்ணாடிப் பேழைமேல் ஒட்டுவோரும் உளர். பேழையைத் திறந்து பந்தை மாற்ற எவ்வளவு நேரமாகும்?