விக்ஸ்பர்க் நகரத்துப் புட்டிக் காட்சிச்சாலை

மன்னர்தம் வாளும் முடியும் வைத்துப் போற்றும் பொருட்காட்சிச் சாலைகள் உலகிற் பல உள. ஒரு வணிகர் தம் கடையிற் கையாண்ட கண்ணாடிப் புட்டிகளையும், அவற்றை நிரப்பிய கருவிகளையும் காத்து வைத்திருக்கும் சாலைகளோ சிலவே. அத்தகையதொன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், மிஸிஸிப்பி மாகாணத்து விக்ஸ்பர்க் என்னும் சிறு நகரில் உளது. உள்நாட்டுப் போரில் 47 நாள் முற்றுகைக்குட்பட்டு 1863-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி வீழ்ந்தமையால் அந்நகர் சரித்திரத்திற் பெயர் பெற்றது. ஆயினும், அன்பர்கள் ஈண்டு நோக்க வேண்டுவது அப்போர்க்களமன்று. வாஷிங்டன் தெருவிலுள்ள மிட்டாய்க் கடையே.

அக்கட்டிடம் 1890-ஆம் ஆண்டில் எழுந்தது. அதில் வாணிகம் நடத்தியவர் ஜோஸப் பீடன்ஹார்ன் என்பார். அந்நாளைய மிட்டாய்க் கடையின் தோற்றமும், சோடா ஊற்றிக் கொடுக்கும் மேடையும், புட்டியில் அடைக்கும் கருவிகளும், கொக்கோ கோலா விளம்பரப் பொருள்களும் இன்று அங்கே காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளன.

அப்பானத்தின் வரலாறு வருமாறு: 1886-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில், போரிற் காயமுற்ற ஜான் பெம்பர்டன் என்னும் மருந்து வணிகர் ஒரு பாகினைக் காய்ச்சினார். கரியமில வாயு ஏற்றிய நீரில் அதனைக் கலந்து, மருந்துக் கடை மேடையிற் குவளை ஒன்று 5 சென்ட் வீதம் விற்றனர். 1888-ஆம் ஆண்டில் பெம்பர்டன் காலமானார். பின்னர் ஆஸா காண்ட்லர் என்பார் உரிமைகளைத் தம்மதாக்கி, 1892-ஆம் ஆண்டில் கம்பெனி நிறுவினார். அவர் கருத்தெல்லாம் கடைமேடை விற்பனையிலேயே நின்றது.

நகருக்கு வர இயலாத நாட்டுப்புறத்தாரும் இதனைப் பருக வேண்டுமென எண்ணிய பீடன்ஹார்ன், 1894-ஆம் ஆண்டில் இதனைப் புட்டியிலடைத்து விற்கலாயினார்; காண்ட்லருக்கும் சில அனுப்பினார். நன்றென்று விடை வந்ததேயன்றி, காண்ட்லர் அத்தொழிலைத் தாம் மேற்கொண்டிலர். 1899-ஆம் ஆண்டிலோ, நாட்டின் பெரும்பகுதிக்குப் புட்டியிலடைக்கும் உரிமையைச் சட்டனூகா நகரத்து வழக்கறிஞர் இருவருக்கு ஒரே டாலர் விலைக்கு எழுதிக் கொடுத்தார். பிற்காலத்திற் பெருஞ் செல்வம் விளைத்த உரிமை அதுவே.

பீடன்ஹார்ன் முதலிற் கையாண்டது ஹட்சின்ஸன் புட்டி. அதன் கழுத்தினுள் கம்பியிற் கோத்த ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். உள்ளிருக்கும் வாயுவே அதனை மேல்நோக்கி அழுத்தி வாயை மூடும். கம்பியைக் கீழே தள்ளினால் திறக்கும். நம் நாட்டார் நன்கறிந்த கோலி சோடாவும் இம்முறையினதே. 1872-ஆம் ஆண்டில் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த அப்புட்டியில் வட்டுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கோலி நின்று மூடுகிறது. அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் 1892-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற தகர மூடி நாளடைவில் ஹட்சின்ஸன் புட்டியை ஒழித்தது.

இனி ஒன்று சிந்திக்கற்பாலது. அக்காலத்தே தென் மாகாணங்களிற் சட்டமும் வழக்கமும் கறுப்பின மக்களை வெள்ளையரினின்று பிரித்து வைத்தன. சோடா மேடைகளில் வெள்ளையரோடு அமர்ந்து பருக அவர்களுக்கு இடமில்லை. புட்டியோ 5 சென்ட் உடையார் எவரும் வாங்கி, வேண்டுமிடத்திற் கொண்டுபோய்ப் பருகத்தக்கதாயிற்று. இஃது அறங் கருதிச் செய்ததன்று; வாணிகத்தின் இயல்பால் விளைந்தது. மேடையைத் திறந்தது புட்டியுமன்று. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி கிரீன்ஸ்பரோ நகரில் மாணவர் நால்வர் உணவு மேடையில் அமர்ந்து எழ மறுத்தனர். 1963-ஆம் ஆண்டு மே மாதம், விக்ஸ்பர்க் இருக்கும் அதே மாகாணத்து ஜாக்ஸன் நகரில் அவ்வாறு அமர்ந்தோர் தலையிற் சர்க்கரையையும் கடுகுக் குழம்பையும் கொட்டினர், அவர்கள் பொறுத்திருந்தனர். 1964-ஆம் ஆண்டிற் சட்டம் அவ்வேற்றுமையை விலக்கிற்று.

இதனைப் படிக்குங்கால் நம்மூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை நினைவிற்கு வாராதிராது. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டம் தீண்டாமையை ஒழித்த பின்னரும் அவ்வழக்கம் பல சிற்றூர்களில் நீடித்தமை நாமறிந்ததே.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் முன்னோர் நடத்திய கடைகளின் கணக்கேடுகளும், சோடாக் கருவிகளும், கோலிப் புட்டிகளும் பழைய இரும்புக் கடைக்குச் செல்லுமுன் காத்து வையுங்கள். முதியோரிடம் அக்கடைகளைப் பற்றிக் கேட்டெழுதுங்கள். யார் எவ்வளவு ஈட்டினர் என்பதோடு, யாரை உள்ளே அமர்த்தினர், யாரை வெளியே நிறுத்தினர் என்பதையும் மறையாது குறியுங்கள். இரண்டும் சேர்ந்ததே தொழிலின் வரலாறாகும்.