பனையேறியின் வெள்ளையணுக்கள்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கப் போனால் ஒரு வசனம் தப்பாமல் காதில் விழும். "அந்தக் காலத்துல உழைச்சாங்க அண்ணாச்சி, சீக்கு கிட்ட வந்துச்சா?" சுகர் வந்தபிறகு நானும் அங்கே சுற்றுகிற ஆள்தான். எங்க தாத்தா இடையன்குடிப் பக்கம் பனையேறியவர். அவருக்குக் காய்ச்சலே வந்ததில்லை என்று வீட்டில் சொல்வார்கள். பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் படித்த பிறகு அது பாதிதான் சரி என்று படுகிறது.

முதலில் அந்த உழைப்பு. 1841ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், 1849ல் வெளியான தன் நூலில் பனையேற்றத்தை விவரித்திருக்கிறார் (நாடார் சமூகம் பின்னாளில் கடுமையாக எதிர்த்த நூல் அது, அந்தக் கதை தனி). பருவம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை போகும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி. பனை ஒன்றுக்கு 12 மீட்டர் என்று குறைத்தே வைப்போம். 30 பனை, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 720 மீட்டர் செங்குத்து ஏற்றம். தாமிரபரணி பிறக்கிற பொதிகையின் உச்சி 1,868 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து அந்த உச்சிக்கு, மூன்று நாளுக்குள் ஒரு தடவை! அதுவும் ஏறுவது, இறங்குவது, அடுத்த பனைக்கு நடப்பது என்று விட்டு விட்டுச் செய்கிற வேலை. கென்னத் கூப்பர் 1968ல் 'ஏரோபிக்ஸ்' என்று புத்தகம் போடுவதற்கு எவ்வளவோ முன்னாலேயே நம்ம தேரிக்காட்டில் அது நடந்துகொண்டிருந்தது.

இப்படி உழைக்கிற உடம்பின் இரத்தத்தில் என்ன நடக்கும்? 1901ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய நான்கு பேரின் இரத்தத்தை லாராபீ என்ற மருத்துவர் சோதித்தார். வெள்ளையணு எண்ணிக்கை ஏகத்துக்கும் ஏறியிருந்தது, பார்த்தால் நோயாளி இரத்தம் மாதிரி. ஆனால் ஓடியவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. இரத்தக்குழாய்ச் சுவரோரம் ஒட்டிக்கிடக்கும் அணுக்களை, அட்ரினலினும் வேகமெடுத்த இரத்த ஓட்டமும் சேர்ந்து தட்டி எழுப்புகின்றன என்பது பின்னால் தெரிந்தது.

அதே பாஸ்டனில், ஹார்வர்டில், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன எல்லப்பிரகத சுப்பாராவ், ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1929ல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார். அதே சமயம் ஜெர்மனியில் லோமனும் கண்டுபிடித்திருந்தார். தசைக்கும் வெள்ளையணுவுக்கும் செலவுக்காசு இந்த ஏ.டி.பி.தான்.

அதைச் சம்பாதிக்கிற வழியில்தான் விஷயம் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் டி-அணு, மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனை வைத்து நிதானமாக எரிக்கும். பழைய நோயை நினைவில் வைத்திருக்கும் அணுவுக்குக் கொழுப்பும் எரிபொருள். கிருமியைக் கண்டு சண்டைக்குப் புறப்பட்டால் கதை மாறிவிடும். ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை அள்ளி அள்ளி அரைகுறையாக எரித்து லாக்டேட்டாக வெளியே தள்ளும். வார்பர்க் 1920களில் புற்றுநோய்த் திசுவில் பார்த்த அதே ஊதாரித்தனம். வேகமாகப் பெருக அது தேவை. உடற்பயிற்சி தசையில் மைட்டோகாண்ட்ரியாவைக் கூட்டும் என்பது உறுதியானது. வெள்ளையணுக்களிலும் ஆக்சிஜன் எரிப்பு மேம்படுவதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் காட்டுகின்றன. மைதானத்து அண்ணாச்சி சொல்வதில் சரியான பாதி இதுதான்.

மறுபாதிக்கு வருவோம். 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரம் சளி, காய்ச்சல் என்றார்கள். ஓடாத ஓட்டக்காரர்களில் 2.2 சதவீதம். நீமன் 1990ல் இதை வெளியிட்டதும், கடும் உழைப்பு எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் என்று ஒரு கருத்து ஊன்றிவிட்டது. ஆனால் அவை அவரவர் வாயால் சொன்னவை, சோதித்ததல்ல. ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் லிம்போசைட் என்கிற வெள்ளையணு வகை குறைவது நிஜம். அவை செத்துப்போகவில்லை, நுரையீரல், குடல் என்று காவலுக்குப் போகின்றன என்று 2018ல் கேம்ப்பெல்லும் டர்னரும் வாதிட்டார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

அப்படியானால் உழைத்த ஜனங்களை எது சாய்த்தது? தாது வருஷப் பஞ்சத்தைப் பாருங்கள், 1876–78. திருநெல்வேலிச் சீமையையும் அது விடவில்லை, கூடவே காலராவும் வந்தது. பொதிகையை மூன்று நாளில் ஏறுகிற கால்கள்தான் அப்போதும் இருந்தன. பட்டினியில் உடம்பின் லெப்டின் இறங்கும். லெப்டின் இறங்கினால் டி-அணு குளுக்கோஸை உள்ளே இழுப்பது குறையும். சண்டைக்குக் கிளம்ப வேண்டிய அணு அடுப்பு மூட்டவே வழியில்லாமல் நிற்கும். மைட்டோகாண்ட்ரியா எத்தனை இருந்தென்ன? அந்த வருஷங்களில் செத்தவர்களுக்குப் பேரன்கள் இல்லை, மைதானத்தில் வந்து அவர்கள் கதையைச் சொல்ல.

அம்மாவிடம் மறுபடி கேட்டேன். "காய்ச்சல் வராமயா? வந்தாலும் ஏறுவாவ. ஒரு நாள் பாளை சீவலன்னா பதனி நின்னுபோவும்லா" என்றாள்.