தங்க வயலும் பள்ளிக்கூடத்து எஞ்சினியரிங்கும்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன பஞ்சாயத்து. பையன் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே மெல்போர்னில் எஞ்சினியரிங்கைப் பள்ளியிலேயே தொழிற்கல்விப் பாடமாக எடுக்கலாம். அவனுக்கு அதில்தான் ஆசை. சாப்பிட வந்திருந்த நண்பர், "அதெல்லாம் படிப்பு ஏறாத பசங்க எடுக்கிறதுப்பா" என்றார். வீட்டுக்காரம்மா முகம் வாடிவிட்டது. எனக்கோ ஞாபகம் ஊருக்குப் போய்விட்டது.

என் ஊர் கே.ஜி.எஃப். இப்போது அந்தப் பேரைச் சொன்னால் 2018-இல் வந்த சினிமாதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. நிஜத்தில் அது இயந்திரங்களின் ஊர். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி நுழைந்த பிறகுதான் சுரங்கம் பெரிதாக வளர்ந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அப்போது பெங்களூர் தெருக்களிலேயே மின்விளக்கு கிடையாது! சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே போனது.

அத்தனை இயந்திரம் இருந்தும் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வரைபடம் போடுகிறவர்கள், மேற்பார்வை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன நம் ஜனங்கள் பூமிக்கு அடியில். காகிதம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

அந்தப் பிளவைப் பள்ளிக்கூடத்திலேயே அடைக்கப் பார்த்த முயற்சி ஒன்று பக்கத்து மாகாணத்தில் நடந்தது. 1948-இல் சென்னை மாகாணத்தில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் பொதுப் பாடங்களோடு எஞ்சினியரிங், விவசாயம், நெசவு, செக்ரடேரியல் என்று ஒரு தொழிற்பிரிவையும் எடுக்கலாம் என்று வந்தது. 'பைஃபர்கேட்டட் கோர்ஸ்' என்பார்கள். ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழுவும் 1953-இல், பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சிபாரிசு செய்தது.

குடியாத்தத்தில் இருந்த என் பெரிய மாமா அப்படி எஸ்.எஸ்.எல்.சி.யில் எஞ்சினியரிங் எடுத்தவர். ரம்பம், அரம் பிடிக்கவும் தெரியும், டிராயிங் படிக்கவும் தெரியும். பாலிடெக்னிக்கில் சேர்ந்து நன்றாக வந்தார். எங்கள் அப்பா சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சத்தத்தை வைத்தே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் வரைபடத்தை விரித்தால் பக்கத்து ஆளைத்தான் பார்ப்பார்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். ஊர்க்காரர்கள் பலரைப் போல அப்பாவும் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலை தேடிப் போனார். போன இடத்தில் முதல் கேள்வியே, "டிராயிங் படிப்பீங்களா?" அன்று ராத்திரி என்னிடம் சொன்னார்: "கை தெரிஞ்சா மட்டும் பத்தாதுடா, காகிதமும் தெரியணும்." பி.இ. முடித்த எனக்குக் காகிதம் மட்டும்தான் தெரியும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை!

அவ்வளவு நல்ல திட்டம் ஏன் நிலைக்கவில்லை? பட்டறை வைக்கப் பணம் வேண்டும், சொல்லித்தர ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, 'மக்குப் பையன் பிரிவு' என்ற பேர். 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவு தனித் தடமாகவே ஆகிவிட்டது. அதன் பிறகு அந்தப் பேர் இன்னும் ஒட்டிக்கொண்டது.

ஆகவே பிள்ளை தொழிற்பாடம் கேட்டால் கௌரவத்தைப் பார்க்காதீர்கள். மேலே படிக்கக் கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விசாரித்தேன். இங்கே இந்தப் பாடத்துக்குரிய மதிப்பெண் தேர்வை எழுதினால் அது பல்கலைக்கழகச் சேர்க்கைக் கணக்கிலும் சேரும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பாவின் பழைய ஸ்டீல் ஸ்கேல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை இப்போது பையன் மேஜையில் வைத்திருக்கிறேன்.