இடைவெளி இல்லாத கண்ணாடி

சித்திரை பிறக்கும் விடியலில் ஷார்ஜாவில் ஒரு மலையாளி வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், தேங்காய், நாணயம். விமானத்தில் வந்திறங்கிய கொன்றைப் பூ. நடுவில் ஒரு கண்ணாடி. பிள்ளையின் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து முன்னால் நிறுத்துவார்கள். கண்ணைத் திறந்தால் கனியோடு தன் முகமும் தெரியும். விஷுக்கனி நாம் அறிந்ததுதான். அதில் இந்தக் கண்ணாடி வந்து உட்கார்ந்த கதைதான் சுற்றிச் சுற்றிப் போகிறது.

கதை காலடியில் தொடங்குகிறது. அங்கே பிறந்த ஆதிசங்கரர் இயற்றியதாகச் சொல்லப்படும் தட்சிணாமூர்த்தி தோத்திரம், உலகத்தைக் கண்ணாடிக்குள் தெரியும் நகரத்துக்கு ஒப்பிடுகிறது. வெளியே இருப்பதுபோல் தோன்றுவதெல்லாம் உள்ளே இருப்பதுதான் என்ற அத்வைதத்துக்கு அதைவிட எளிய உவமை ஏது? ஆனால் அது சமஸ்கிருதத்தில் இருந்தது. படித்தவர்களோடு நின்றுவிட்டது.

கண்ணாடி மட்டும் நிற்கவில்லை. பம்பைக் கரையில் ஆறன்முளையில், தமிழ்நாட்டிலிருந்து கோயில் வேலைக்கு வந்த கம்மாளர்கள் சுவாமிக்குக் கிரீடம் வார்க்கும்போது செம்பும் வெள்ளீயமும் எதிர்பாராத அளவில் கலந்து கண்ணாடியாய்ப் பளபளத்ததாம். ஐதீகம்தான்; ஆனாலும் அந்த உலோகக் கலவையின் கணக்கை இன்றும் சில குடும்பங்கள் வெளியே விடுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடி கருவறைக்கே போனது. குமரி மாவட்டம் சாமித்தோப்பில், கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்காக அய்யா வைகுண்டர் (1809–1851) தொடங்கிய வழிபாட்டில், சிலை இருக்கும் இடத்தில் நிலைக்கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி அதன் முன் நிற்பவர் தன்னைத்தான் பார்க்கிறார்.

சாமித்தோப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் மருத்துவாமலையில், பின்னாளில் தவம் இருந்தவர் நாராயண குரு. அவருக்கு யோகம் பயிற்றுவித்த தைக்காடு அய்யாவு சுவாமிகளும் தமிழர். குரு தமிழில் பாடினார், சமஸ்கிருதத்தில் எழுதினார். ஆனால் 'ஆத்ம விலாசம்' எழுத எடுத்துக்கொண்டது சாதாரண மலையாள உரைநடையை. அதிலும் கண்ணாடிதான். எல்லாவற்றையும் பார்க்கும் கண்ணால் தன்னைப் பார்க்க முடியாது. எதிரே கண்ணாடி வைத்தால் தெரியும். அப்படியானால் கண்ணைப் பார்க்கும் நம்மைப் பார்ப்பது யார்? ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேள்வி போய்க்கொண்டே இருக்கும்.

எழுத்தில் இருந்த கண்ணாடியைக் கோயிலில் ஏற்றியது ஒரு தகராறு. 1927-ல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் சிலை நிறுவக் குரு வந்தார். சிலையே வேண்டாம் என்று இளைஞர்கள் மல்லுக்கு நின்றார்களாம். குரு ஒரு கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். அதையே பிரதிஷ்டை செய்தார். 1888-ல் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனாக வைத்தவர், மறைவதற்கு ஓராண்டு முன்னால் கண்ணாடிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அடுத்த தலைமுறை கடலேறியது. லாஞ்சில் வந்து அமீரகத்தின் கோர்ஃபக்கான் கரையில் குதித்தவர்களிடம் பூசைச் சாமான் கொண்டுவர இடமேது? 1958-ல் பர் துபாயில் கோயில் எழுந்தது. பிறகு விமானமும் சூட்கேஸும் வந்தன. வளைகுடா வேலைக்குப் பேர்போன பத்தனம்திட்டா மாவட்டத்தில்தான் ஆறன்முளையும் இருக்கிறது. கேட்பானேன்! அந்தக் கண்ணாடி கல்யாணப் பரிசாகவும் கிரகப்பிரவேசச் சீராகவும் கடல் தாண்டியது. கிராக்கி ஏற ஏறப் போலிகளும் முளைத்தன. புவிசார் குறியீடு வாங்கியும் போலிகள் ஓயவில்லை.

அசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சாதாரணக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருப்பதால், விரலை வைத்தால் விரல்நுனிக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே கண்ணாடியின் கனத்தால் ஒரு சந்து தெரியும். ஆறன்முளைக் கண்ணாடியில் மேற்பரப்பே பிரதிபலிக்கிறது. விரலும் பிம்பமும் ஒட்டிக்கொள்ளும். அத்வைதம் என்றால் 'இரண்டல்ல' என்று பொருள். ஷார்ஜா வீட்டில் காசு கொடுத்து வாங்கியது அசலா என்று விரலை வைத்துப் பார்க்கும் பாட்டிக்கு, அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.