இரண்டாவது குதிரை

நெடுவழி செல்வோர் ஒரு குதிரையில் ஏறிக்கொண்டு மற்றொன்றைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்வது ஸ்டெப்பி நாடோடிகள் அறிந்த பழைய முறை. ஆளைச் சுமக்காத குதிரை சற்றே இளைப்பாறும். முன்னே செல்லும் துணையைப் பார்த்து ஆற்றையும் சரிவையும் பழகிக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டில் இம்முறைக்கு நேர்ந்த மிகக் கடுமையான சோதனை, ஏமே சிஃபெலி என்ற பள்ளி ஆசிரியரின் பயணம்.

சுவிட்சர்லாந்தில் பிறந்து அர்ஜென்டீனாவில் பாடம் நடத்திவந்த அவர், 1925 ஏப்ரலில் புவெனஸ் அயர்ஸிலிருந்து நியூயார்க் நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். பத்திரிகைகள் அவரைப் பித்தர் என்றன. ஸ்பானியர் கொணர்ந்த குதிரைகளின் வழித்தோன்றலான கிரியோல்லோ இனம், ஐரோப்பிய உயர்சாதிக் குதிரைகளின் கலப்பால் தேய்ந்துகொண்டிருந்த காலம் அது. அவ்வினத்தைக் காக்கப் போராடிய எமிலியோ சோலானெட், படகோனியப் பழங்குடித் தலைவரிடம் வாங்கிய மாஞ்சா, காத்தோ என்னும் இரு குதிரைகளை அவருக்கு அளித்தார். (முதற்பெயர் நமக்குப் பட்டம் விடும் நூலை நினைவூட்டும், ஸ்பானிய மொழியில் அதற்குக் 'கறை' என்று பொருள். காத்தோ என்றால் பூனை.) இரண்டும் 15 வயதை ஒட்டியவை, பாதி காட்டுத்தனம் மாறாதவை. இவை வழியில் மடிந்திருந்தால், சோலானெட்டின் வாதமும் உடன் மடிந்திருக்கும்.

தொழுவத்தில் தர இயலாத பயிற்சியைப் பாதை தந்தது. பெருவில் மலைச்சரிவொன்றில் கால் இடறிப் பாதாளத்தை நோக்கிச் சறுக்கிய காத்தோவை ஒற்றை மரம் தடுத்து நிறுத்தியது. ஆடும் கயிற்றுப் பாலத்தில் மாஞ்சாவை முன்னே ஒருவர் நடத்த, சிஃபெலி அதன் வாலைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தபடி பின்தொடர்ந்தார். அடுத்து வந்த காத்தோ, பன்னாள் பழகிய பாலம்போல் அதைக் கடந்துவிட்டது! 'குதிரைக்கொல்லி' எனப் பொருள்படும் மாத்தாகபாய்யோ மணல்வெளியையும் இரண்டும் தாண்டின. போகப்போகக் கயிறே வேண்டாததாயிற்று. இரவில் அவிழ்த்துவிட்டாலும் அவரை விட்டு அகலவில்லை. துயரங்களைச் சொல்லக் காத்தோ, பகட்டாய் ஊர்வலம் வர மாஞ்சா என்று பின்னாளில் அவர் இரண்டின் குணத்தையும் வகுத்தார். என் பரிவு காத்தோவின் பக்கமே.

கொலம்பியாவிலிருந்து பனாமாவுக்குச் சதுப்புக்காடு வழிமறித்தது, நிகரகுவாவில் உள்நாட்டுப் போர். இவ்விரண்டையும் கப்பலில் தவிர்த்தார். மெக்சிகோவில் கோவேறு கழுதை உதைத்துக் காத்தோ காயமுற்றது. தேறி மீண்டும் சேர்ந்துகொண்டது. ஆனால் அமெரிக்கச் சாலைகளின் மோட்டார் நெரிசலில் இரு குதிரைகளை நடத்திச் செல்வது ஆண்டீஸ் மலையைவிட ஆபத்தானதாக இருந்தது. செயின்ட் லூயிஸில் காத்தோவை விட்டுவிட்டு, 1928 செப்டம்பர் 20 அன்று மாஞ்சாவோடு மட்டும் நியூயார்க் சேர்ந்தார்.

திரும்பும்போது வெஸ்ட்ரிஸ் கப்பலில் செல்வதாக இருந்து, சொற்பொழிவு ஒன்றுக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். அக்கப்பல் 1928 நவம்பரில் மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூவரும் வேறு கப்பலில் தாயகம் மீண்டனர். 1944இல் காத்தோவும் 1947இல் மாஞ்சாவும் இறந்தன. பதப்படுத்தப்பட்ட இரண்டின் உடல்களும் லூஹான் அருங்காட்சியகத்தில் ஒன்றாக வைக்கப்பட்டன.