அடைவுச் சேவையின் தனித்த சோதனைப் படி

ஒரு நிறுவனத்தின் பயனர் கணக்குகள், கடவுச்சொற்கள், கணினிகள், அனுமதிகள் ஆகியவற்றைக் காக்கும் மையப் பதிவேடு அடைவுச் சேவை எனப்படும். அதன் நகலை, இயங்கும் வலையமைப்போடு எத்தொடர்பும் இல்லாத இடத்தில் எழுப்பினால் அது தனித்த சோதனைப் படி. விண்டோஸ் 2000 உடன் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரிக்கே இது பெரும்பாலும் அமைக்கப்படுகிறது.

தேவை

ஆக்டிவ் டைரக்டரியின் ஸ்கீமா என்னும் கட்டமைப்பு வரையறையில் ஒருமுறை சேர்த்ததை அழிக்க முடியாது. முடக்கி வைக்கவே முடியும். எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சேவையகத்தை நிறுவினால் இந்த ஸ்கீமா விரிகிறது. எனவே இத்தகைய மாற்றங்களை முதலில் படியில் செய்து பார்ப்பார்கள். பேரழிவுக்குப் பின் மீட்பதற்கான ஒத்திகையும் இதில் நடக்கும். அதன் தேவையை ஒரு நிகழ்வு காட்டுகிறது. 2017 யூனில் நொட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்களில் (அடைவுச் சேவையை இயக்கும் சேவையகங்களில்) கானாவில் இருந்த ஒன்று மட்டுமே தப்பியது. மின்வெட்டால் அது அணைந்திருந்தது. நிறுவனத்தின் அடைவுச் சேவை அதிலிருந்தே மீட்கப்பட்டது.

அமைக்கும் முறை

ஒவ்வொரு டொமைனிலும் (பதிவேட்டின் நிர்வாகப் பிரிவிலும்) ஒரு கன்ட்ரோலரின் காப்புப் பிரதி எடுக்கப்பட்டு, வெளி இணைப்பில்லாத மெய்நிகர் சுவிட்சில் மீட்கப்படும். கண்விழித்த கன்ட்ரோலர், அங்கே இல்லாத மற்றக் கன்ட்ரோலர்களைத் தேடிக்கொண்டிருக்கும். ஆகவே ஐந்து தலைமைப் பொறுப்புகளும் படியிலுள்ள கன்ட்ரோலர்களுக்கே வலிந்து மாற்றப்படும். இல்லாதவற்றின் பதிவுகள் நீக்கப்படும். பெயர்களை முகவரிகளாக்கும் டிஎன்எஸ் அமைப்பு படிக்குள்ளேயே விடை தருமாறு திருத்தப்படும். கன்ட்ரோலர்கள் பகிரும் சிஸ்வால் கோப்புறை மூலப் பிரதியாக அறிவிக்கப்படும். அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நெறிமுறை இயல்பாக 5 நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்காது. வெளி நேரமூலம் கிடைக்காததால் படியின் கணினிகள் எல்லாம் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும்.

தனிமையும் இரகசியமும்

படி தவறுதலாக இயங்கும் வலையமைப்பில் இணைந்தால், ஒரே பெயரும் ஒரே அடையாளமும் கொண்ட இரு கன்ட்ரோலர்கள் மோதும். சோதனை மாற்றங்கள் உண்மைப் பதிவேட்டுக்குள் பரவவும் கூடும். இப்பரவலைத் தடுக்க, கெர்பரோஸ் பயன்படுத்தும் கேஆர்பிடிஜிடி கணக்கின் கடவுச்சொல்லைப் படியில் இருமுறை மாற்றுவர். பதிவேட்டின் தரவுத்தளமான என்டிடிஎஸ்.டிட் கோப்பில் எல்லாப் பயனரின் கடவுச்சொல் ஹாஷும் இருப்பதால், படி களவு போவதும் மூலம் களவு போவதும் ஒன்றே. மூலத்துக்குள்ள பூட்டும் காவலும் படிக்கும் வேண்டும்.

இலங்கை அனுபவம்

வலையமைப்புக்கு வெளியே ஒரு நகல் ஏன் வேண்டும் என்பதை இலங்கையின் அனுபவமும் காட்டியது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேவையைப் பணயத் தீநிரல் தாக்கியது. அரச அலுவலகங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பயன்பாட்டில் இருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை அவ்வாண்டு ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் திரும்பவில்லை. அக்காலத்துக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. இதன்பின், நாள்தோறும் இணைப்பற்ற காப்புப் பிரதி எடுக்கவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் நடவடிக்கை எடுப்பதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அறிவித்தது.