உடன் சென்றவர்கள்

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள மணற்றிட்டில் லைட்ஹவுஸ் குப்பம் இருக்கிறது. 1859-ஆம் ஆண்டில் அங்கே கலங்கரை விளக்கம் எழுந்தது. அதுவே ஊருக்குப் பெயராயிற்று. கடலுக்குச் சென்றவன் குறித்த வேளையில் திரும்பாவிடின் குப்பமே கரையில் திரண்டு நிற்கும். வீட்டுக்குள்ளேயே ஒருவன் மனச்சோர்வில் மெல்ல மெல்ல அமிழ்ந்து போனால் அவனைத் தேடுபவர் யார்? மாணவர்களே, நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

சென்னையில் மனநோயாளருக்கென ஓர் இல்லத்தை 1794-இல் வாலன்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய விடுதி திறக்கப்பட்டது. 1922-இல் அது அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. நாமோ கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரையே ஏளனச் சொல்லாக்கிவிட்டோம். வகுப்பறைகளில் அச்சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பேன்! இவ்வேளனத்துக்கு அஞ்சி நோயை மறைத்த குடும்பங்கள் பல. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதும் நம் காலத்து நிகழ்ச்சியே.

பழைய முறையில் நோயாளி மதிலுக்கு உள்ளே, உறவினர் வெளியே. 1950-களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் இதை மாற்றினார். வளாகத்திலேயே கூடாரம் அடித்து, உறவினரையும் நோயாளியுடன் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அவ்வழியே சென்றது. நோயின் இயல்பை வீட்டார் கண்ணாரக் கண்டு கற்றனர். எளிய மாற்றந்தான், எனினும் மதிலை இடித்ததற்கு ஒப்பானது.

1957-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். இத்தகைய மருந்துகள் உண்டவுடன் பயன்தருவன அல்ல; சில வாரங்கள் செல்லும். அதுவரை அருகிருக்க ஒருவர் வேண்டுமன்றோ?

பழவேற்காட்டுப் பக்கத்தில் என்னிடம் பயின்ற ஒருவருடைய தமையனாரின் செய்தியைச் சொல்கிறேன். முகத்துவாரம் மணலால் அடைபட்டு மீன்வரத்துக் குன்றியிருந்த காலம். ஏரியில் முறைவைத்து வலையிடும் உரிமையைப் பாடு என்பர். தமக்குரிய பாடு வந்த நாளிலும் அவர் வலையைத் தொடவில்லை. விடியுமுன் விழித்துக் கூரையைப் பார்த்தபடி கிடப்பார், சோறு இறங்காது, தம்மால் யாருக்கும் பயனில்லை என்பார். இரண்டு வாரம் கடந்தும் இந்நிலை மாறவில்லை. அண்டையார் சிலர் சோம்பல் என்றனர். சிலர் காற்றுச் சேட்டை என்று மந்திரிப்பவரை அழைத்தனர். அவருடைய மனைவி எவரோடும் வாதிடவில்லை. கணவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. உறக்கம் கெட்டிருக்கிறதே, டாக்டரிடம் காட்டி வருவோம், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். "பைத்தியம்" என்ற சொல்லுக்கு உடன்படாதவர், உறக்கமின்மை என்ற சொல்லுக்கு உடன்பட்டுப் பொன்னேரிக்குப் பேருந்து ஏறினார். அந்த அம்மையார் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். கண்டவற்றையெல்லாம் நாள்வாரியாக மருத்துவரிடம் அவரே எடுத்துரைத்தார். கணவர் வாய் திறக்கவில்லை.

சாகவேண்டுமென்று தோன்றுகிறதா என நேரே கேட்டால், அவ்வெண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமென்று பலர் அஞ்சுவர். ஆராய்ச்சிகள் அவ்வச்சத்துக்குச் சான்று தரவில்லை. மெல்லக் கேட்கலாம். ஆம் என்று விடை வந்தால் தனியே விடலாகாது. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். காவல் நிலைய வழக்குக்கு அஞ்சி ஒளித்த காலமும் இருந்தது. 2017-இல் இயற்றப்பெற்று 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடுந்துயரில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அரசு அவருக்குச் சிகிச்சையளிக்கக் கடமைப்பட்டது என்கிறது.

2022 அக்டோபர் 10 அன்று மைய அரசு டெலிமானஸ் என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. இரவிலும் பகலிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். நோயுற்றவர்தாம் பேசவேண்டும் என்பதில்லை. அவருக்காக வீட்டிலுள்ளோரும் பேசலாம்.